வீட்டுச் சாதனங்களும் அலுவலகக் கணக்கும்

போபாலில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரை எண்ணிக் கொள்வோம். நாகபுரியில் தனித்து வாழும் தம் முதிய தாயாரின் பொருட்டு, அவர் அவ்வீட்டுக் கூடத்தில் ஒரு கேமராவையும், இரவு விளக்கைத் தொலைவிலிருந்தே ஏற்றி அணைக்க உதவும் பிளக்கு ஒன்றையும் பொருத்துகிறார். பொருத்தும் வேளையில் கைபேசிச் செயலி ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறது. நாள்தோறும் பழகிய முகவரி பள்ளி வழங்கியதே. அதையே கொடுத்து விடுகிறார். மூன்றாண்டுகள் யாதொரு குறையுமில்லை. பின்னர் குவாஹாட்டிக்கு மாற்றலாகிறார். பழைய முகவரி மூடப்படுகிறது. அப்போதும் ஒன்றும் நேரவில்லை. அடுத்த ஆண்டு புதிய கைபேசி வாங்கிச் செயலியைத் திறந்தபோதுதான், ஆறு இலக்க எண்ணொன்று பள்ளி முகவரிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற செய்தி தோன்றுகிறது. அம்முகவரியைத் திறப்பார் எவருமிலர். கேமரா பழுதுபடவில்லை, ஆயினும் தாயாரின் கூடம் அவர் பார்வையினின்றும் மறைந்து விட்டது.

நிகழ்ச்சி கற்பனையே, காரணம் கற்பனையன்று. சுவரிலுள்ள சுவிட்சு, தன்மீது கை வைத்தவர் யாராயினும் பணிந்து நடக்கும். வை-ஃபை மூலம் இயங்கும் சாதனத்தின் முறை வேறு. பெரும்பாலானவற்றில் கைபேசியிலிருந்து புறப்படும் ஆணை முதலில் உற்பத்தியாளரின் கணினி நிலையத்துக்குச் செல்கிறது. ஆணையிடுபவர் யார், அவர் பெயரில் அச்சாதனம் பதிவாகியுள்ளதா என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே அந்நிலையம் சாதனத்துக்கு உத்தரவு அனுப்புகிறது. அடுத்த அறை விளக்கை அணைக்கும் ஆணையும் இவ்வாறு வெகுதூரம் சென்று திரும்பக் கூடும். ஆகவே விலை கொடுத்து வாங்கியவர் நாமேயாயினும், சாதனம் அறிந்த உடைமையாளர் கணக்கு ஒன்றே.

அலுவலகக் கணக்கு நம் பெயரைத் தாங்கியிருப்பினும் நிறுவனத்துக்கே உரியது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் முறையில், எந்தச் சேவையை எவர் பயன்படுத்தலாம் என்பதை நிர்வாகி முடிவு செய்கிறார். நீக்கப்பட்ட கணக்கை 20 நாட்களுக்குள் மட்டுமே அவர் மீட்க இயலும். மைக்ரோசாப்ட் 365 முறையில் இக்கெடு 30 நாட்கள். அலுவலகத்தின் பக்கமிருந்து நோக்கினும் இவ்வழக்கம் தகாது. மலிவான கேமராவை விற்கும் நிறுவனத்திடம் அலுவலக முகவரியை ஒப்படைத்து, சோம்பலினால் அதே கடவுச்சொல்லையும் அமைத்து விட்டால், அந்நிறுவனத்தின் பட்டியல் களவு போகும் நாளில் அலுவலகத்தின் கதவும் திறந்து விடும்.

சொந்தமாக ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்து, அதன்கீழ்க் குடும்பத்தார் அனைவருக்கும் முகவரி அமைத்துக் கொண்டவர்களும் உளர். இங்கே நிர்வாகி தாமே என்பதால் மாற்றல் பற்றிய கவலை இல்லை. எனினும் இத்தகைய கணக்கை நிறுவனக் கணக்காகவே சேவையாளர் கருதுவர். 2019-இல் நெஸ்ட் சாதனங்களின் கணக்குகள் கூகுள் கணக்குகளாக மாற்றப்பட்டபோது, நிறுவன வகைக் கணக்குகளுக்கு அவ்வசதி கிட்டவில்லை. சொந்தப் பெயருக்கென்று 2006-இல் தொடங்கிய கூகுளின் இலவசத் திட்டத்தில், 2012 டிசம்பருக்குப் பின் புதியவர்கள் சேர்க்கப்படவில்லை. 2022 ஜனவரியில் அத்திட்டமே நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். எதிர்ப்புக்குப் பின், தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் இலவசமாகத் தொடர அவ்வாண்டிலேயே இசைந்தனர். இடைப்பட்ட மாதங்களில் பல குடும்பங்கள் பட்ட கலக்கம் சிறிதன்று.

இதனினும் பெரிய ஆபத்து பெயரைப் புதுப்பிக்க மறப்பது. இணையப் பெயர் விலைக்கு வாங்கிய நிலமன்று, குத்தகையே ஆகும். டாட் காம் போன்ற பெயர்கள் தவணை கடந்து நீக்கப்பட்டால், மீட்க 30 நாட்கள் உண்டு. அதன்பின் 5 நாட்கள் கழித்து எவரும் அப்பெயரைப் பெறலாம். பெற்றவருக்கு, பழைய முகவரிகளுக்கு வரும் கடிதங்களும் கடவுச்சொல் மாற்றும் எண்களும் சேர்ந்தே கிடைக்கும். மூடப்பட்ட கம்பெனிகளின் பெயர்களை வாங்கி, முன்னாள் ஊழியர்களின் கணக்குகளுக்குள் புக முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2025 ஜனவரியில் செய்து காட்டினார். வாயிற்கதவின் பூட்டே அத்தகைய கணக்கில் இருப்பின், பிறர் கைக்குப் போவது கடிதம் மட்டுமன்று.

ஆதலின் வீட்டுச் சாதனங்களுக்கென்று சாதாரணத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதே தக்கது. அதில் தம் சொந்தக் கைபேசி எண்ணை மீட்பு எண்ணாகக் குறித்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அச்சாதனங்களை இயக்கும் உரிமை அளித்தல் வேண்டும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்னும் பொதுத் தரத்தை ஏற்ற சாதனமாயின், ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிர்வாக முறைகளின்கீழ் இயங்கும். வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஆணை ஏற்கவும் வல்லது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நன்று.

ஏற்கெனவே அலுவலக முகவரியில் பொருத்தியவர்கள், மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திராது, அம்முகவரி உயிருடன் இருக்கும்போதே செயலியில் நுழைந்து ஒவ்வொரு சாதனத்தையும் நீக்கிப் புதிய கணக்கில் சேர்க்க வேண்டும். சாதனத்தின் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடக்க நிலைக்குக் கொணர்ந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பல பிளக்குகளுக்கு அது போதும். ஆனால் சில கேமராக்களும் பூட்டுகளும், பழைய கணக்கிலிருந்து முறைப்படி நீக்கப்பட்டாலன்றிப் புதிய கணக்கை ஏற்பதில்லை. அந்நிலையில் எஞ்சும் வழி, சாதனத்தின் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் உற்பத்தியாளருக்கு அனுப்பி விடுவிக்கக் கோருவதே. ரசீதைப் பத்திரப்படுத்தியவர் சிலரே.