கடல் அறிவுக்கு ஒரு திரை

தூத்துக்குடி என்றதும் நினைவுக்கு வருபவை துறைமுகமும் உப்பளமும் முத்தும். முதல் இரண்டுக்கும் கணக்கேடுகள் உண்டு. முத்துக்கு இன்று கணக்கு இல்லை. இக்கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டு நடைபெற்றது. அதன்பின் பார்களில் சிப்பிகள் போதிய அளவு பெருகி நிலைக்கவில்லை.

அன்று இருபது வயதில் கடலில் மூழ்கிய இளைஞர், இன்று எண்பதைக் கடந்திருப்பார். எந்தப் பாரில் சிப்பி விளையும், நீவாடு எத்திசையில் ஓடும், கச்சான் வீசும்போது கடலடி எவ்வாறு கலங்கும் என்பவற்றை அவர் உடலால் கற்றவர். அவரோடு அந்த அறிவும் மறைந்துவிடும். பல்லுயிர் வளத்தையும் வட்டாரப் பண்பாட்டையும் போற்றும் கிராமியத் திரைப்பட விழா ஒன்று இக்கடற்கரைக்கு வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். எடுத்து விற்கும் பொருளுக்குச் சந்தை விலை வைக்கிறது. எடுக்காமல் காப்பதற்கு விலை வைப்பதில்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டிய காலத்தில் பவளப்பாறைக்கு விலை இருந்தது. அலையைத் தடுத்து அது தீவுகளைக் காத்ததற்கு யாரும் விலை தரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு, கடலில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு சுருங்கியதால், 2015 முதல் செயற்கைப் பவளப்பாறைக் கட்டமைப்புகளை அரசு கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை இலவசமாகச் செய்த பணிக்கு இப்போது செலவுக் கணக்கு எழுதுகிறோம். கடலோடியின் அறிவும் இவ்வாறு விலையற்றதாகக் கருதப்பட்டு அழிந்து வருகிறது.

முத்துக் கடற்கரையைப் பற்றிய எழுத்து குறைவன்று. கிரேக்க மொழியிலான ‘பெரிப்ளூஸ்’ தொடங்கி, மார்க்கோ போலோ, ஆங்கிலேய அதிகாரிகள் எனப் பலரும் எழுதியுள்ளனர். கடலில் மூழ்கியவர்கள் தாமே பதிந்தவை மிகச் சில. இக்கடற்கரையில் பிறந்த ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’ நாவல் 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எழுத்தறியாத முதியவரின் அறிவைப் பதிய, கேமராவே எளிய கருவி.

இதற்கு முன்னோடி உண்டு. தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில் இயங்கும் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண் விவசாயிகள் கேமராவைக் கையாளக் கற்றனர். சிறுதானியங்களையும் மரபு விதைகளையும், வாரங்கல் விவசாயிகளின் பி.டி. பருத்தி அனுபவத்தையும் படமாக்கினர். 2008-இல் சங்கம் சமுதாய வானொலியையும் தொடங்கினர். நம் பாம்பனில் மீனவர்களுக்காகக் ‘கடல் ஓசை’ வானொலி இயங்குகிறது. ஒலி வந்துவிட்ட கடற்கரைக்குக் காட்சி வருவது அடுத்த படி.

இவ்விழாவுக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டத்தின்படி, உள்ளாட்சிகளில் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். படிவத்தில் மீனின் பெயரை எழுதலாம். வலை வீசும் கையின் லாகவத்தை எழுத இயலாது. மீனவர் எடுக்கும் குறும்படங்களை அப்பதிவேட்டின் இணைப்பாக ஏற்கலாம். அதே வேளையில், எந்த அறிவை வெளியிடுவது, எதை ஊருக்குள் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவ்வூராரிடமே இருக்க வேண்டும்.

காலமும் கைகூடி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையில் நிற்கும் அந்நாள்களில் ஊர் மைதானத்தில் ஒரு வெண்திரை போதும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும் உள்ளன. மாணவர்கள் படப்பிடிப்பிலும் தொகுப்பிலும் உதவலாம். ஆய்வாளரும் வனத்துறையினரும் மீனவரோடு அமர்ந்து பார்க்கலாம். தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளைப் பற்றிய மனத்தாங்கல்களை ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேச அதுவே வாய்ப்பாகும்.

விழாவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. காத்திருக்க நேரமோ அதைவிடக் குறைவு. முத்துக்குளித்த கடைசித் தலைமுறை இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருக்கும். அடுத்த தடைக்காலத்துக்குள் அவர்களில் சிலரையேனும் படமாக்கிவிட வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)