கண்ணில் பூ விழாதிருக்க

அலங்காநல்லூர் என்ற பெயரைக் கேட்டவுடன் எவர் மனத்திலும் தோன்றுவது வாடிவாசலும் சீறிவரும் காளையுமே. தைத் திங்களில் அங்குக் கூடும் பெருங்கூட்டத்தையும், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் காட்சியையும் நாடே பார்க்கிறது. ஆயின் அதே ஊரைச் சூழ்ந்த வயல்களிலே, ஒருவரும் பாராத வகையில், மனிதரின் பார்வையைப் பறிக்கும் மற்றொரு காயமும் ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகிறது. நெல்லின் உமி, கரும்பின் சோகை, பால் கறக்கையில் வீசும் மாட்டின் வால் ஆகியவையே அக்காயத்தை விளைவிப்பவை.

கதிர் அறுக்கும்போதோ, களத்தில் தூற்றும்போதோ ஒரு துரும்பு கண்ணில் விழுகிறது. கண் உறுத்துகிறது, நீர் வழிகிறது. தலைத்துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். மூன்றாம் நாள் கண் சிவக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடிவதில்லை. ஒரு வாரத்தில் கருவிழியின்மேல் வெண்மையாய் ஒரு புள்ளி தோன்றுகிறது. “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்று அப்போதுதான் வீட்டார் கூறுகின்றனர். மருத்துவர் இதனைக் கருவிழிப் புண் என்பர். இக்கொடிய நோயைப் பற்றியும், அதனைத் தீர்க்கும் முறைகளில் அண்மைக் காலத்தே ஏற்பட்டுள்ள வளர்ச்சியைப் பற்றியும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கண்ணின் கண்ணாடி

கைக்கடிகாரத்தின் முகப்பிலுள்ள கண்ணாடியைப் போன்று கண்ணின் முன்புறத்தே அமைந்திருப்பது கருவிழிப் படலம். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. ஒளி தடையின்றி உட்புகவேண்டும் என்பதற்காக அதனுள் இரத்தக் குழாய்களே இல்லை. அதன் தெளிவுக்குக் காரணம் அதுவே. அதன் பலவீனத்துக்குக் காரணமும் ஒருவகையில் அதுவே. உடலின் பிற பாகங்களில் கிருமி நுழைந்தால் இரத்தம் விரைந்து ஓடிப் போரிடுகிறது. இங்கோ அத்துணை விரைவில் உதவி வந்து சேர்வதில்லை. மேல்தோல் கீறப்பட்டுவிட்டால் கிருமிகள் உள்ளே குடியேறுகின்றன. புண் ஆறினாலும் தழும்பு எஞ்சி நிற்கிறது. கையில் ஏற்படும் தழும்பு வெறும் அடையாளம். கருவிழியின் நடுவே ஏற்படும் தழும்போ பார்வைக்கே திரை.

மதுரை தந்த கணக்கு

இந்நோய் நம் பகுதியில் எத்துணைப் பரவலானது என்பதை 1993-ஆம் ஆண்டைச் சார்ந்த ஓர் ஆய்வு காட்டிற்று. மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் பதினாயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக அறியப்பட்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் எடுக்கப்பட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நம் வாசகருள் அறியாதார் இலர். அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், மூட்டு வாதத்தால் வளைந்த விரல்களோடு, 1976-இல் பதினொரு படுக்கைகளைக் கொண்டு தொடங்கிய இல்லம் அது. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் அங்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேர் ஆராயப்பட்டனர். அவர்களில் 284 பேர், அதாவது மூவரில் இருவர், கண்ணில் முன்னரே அடிபட்டவர்கள். கிருமி இன்னதென்று கண்டறியப்பட்ட 297 பேருள் 140 பேருக்குப் பாக்டீரியாவும் 139 பேருக்குப் பூஞ்சைக் காளானும் காரணமாயிருந்தன.

இவ்விரு எண்களையும் ஊன்றி நோக்குதல் வேண்டும். குளிர் நாடுகளின் மருத்துவ நூல்களில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியாவையே எண்ணுவர். நம் வெப்ப மண்ணிலோ பாதிப் புண்கள் மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சையால் வருவன. பியூசேரியம் என்னும் பூஞ்சையே அவற்றுள் முதலிடம் பெற்றது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எனவே, “கண் சிவந்திருக்கிறது, ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்” என்று கேட்டு வாங்குவது இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பாகும். புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து உருப்பெருக்கியின்கீழ் பார்த்தால், பூஞ்சையின் இழைகளை மருத்துவர் அன்றே கண்டுவிட இயலும். அச்சோதனைக்குப் பின்னரே தக்க மருந்தைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

பழைய மருந்து வென்ற வரலாறு

புதியதெல்லாம் சிறந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கருவிழிப் புண்ணின் வரலாறோ அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது நாட்டமைசின் என்னும் மருந்து. அவ்விடத்தின் பெயரே மருந்துக்கும் ஆயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின் வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து வந்தது. அது கருவிழிக்குள் நன்கு ஊடுருவும் என்பதால் மருத்துவர் பலர் அதன்பால் பெரும் நம்பிக்கை கொண்டனர். எது சிறந்தது என்பதை அறிய 2010-இல் தமிழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அரவிந்த் மருத்துவமனைகளில் பூஞ்சைப் புண்ணுடன் வந்த 323 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். யாருக்கு எம்மருந்து தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. விளைவை அளந்தவருக்கும் தெரியாது. 2013-இல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. பழைய நாட்டமைசினைப் பெற்றோரே தெளிவான பார்வை பெற்றனர். கருவிழி துளைபட்டு அறுவைக்கு ஆளானவர்களும் அவர்களுள் குறைவே. பியூசேரியம் தாக்கிய கண்களில் இவ்வேறுபாடு மிகப் பெரிதாயிருந்தது. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் தனது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் நாட்டமைசினைச் சேர்த்தது.

இவ்வாறே, கண்ணில் வைட்டமின் மருந்தை இட்டுப் புற ஊதாக் கதிரைச் செலுத்தும் புதுமுறை ஒன்றும் பூஞ்சைப் புண்ணுக்கு ஏற்றதா எனச் சோதிக்கப்பட்டது. 2020-இல் வெளியான அம்முடிவோ, அதனால் கூடுதல் பயனில்லை, பார்வை குறையவும் கூடும் என்றது. இத்தகைய தோல்விகளும் மருத்துவ வளர்ச்சியின் பகுதிகளே. எது உதவாது என்பதை முறையாக அறிந்து கைவிடுவதனாலேயே நோயாளிக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது.

நாட்டமைசினைப் பயன்படுத்துவோர் இரண்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். அது பாலைப் போன்ற கலங்கல் மருந்து. ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கியே இடவேண்டும். கண்ணில் வெண்மையாகச் சிறிது படிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அடுத்து, தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை இடவேண்டியிருக்கும். சிகிச்சை பல வாரங்கள் நீளும். வலி குறைந்துவிட்டதென்று ஐந்தாம் நாளில் நிறுத்துபவர், பாதி அறுத்த களையை வயலில் விட்டு வருபவரைப் போன்றவர்.

கைக்கு எட்டிய மருந்து, கண்ணுக்கு எட்டிய கேடு

நாம் அறிந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், உமி விழுந்த கண்ணுக்கு ஒரு கடையில் சொட்டு மருந்து வாங்கி இட்டார். முதல் இரு நாட்களில் சிவப்பு மறைந்தது, வலியும் தணிந்தது. “நல்ல மருந்து” என்று மகிழ்ந்து தொடர்ந்தார். பன்னிரண்டாம் நாள் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றபோது புண் கருவிழியின் நடுவரை பரவியிருந்தது. கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. ஒரு கண்ணால் கதிர் அறுப்பவருக்கு அரிவாளின் தூரமும் விரலின் தூரமும் மயங்கும். பார்வையை மட்டுமன்று, அன்றாடக் கூலியையும் அவர் இழந்தார்.

அவர் இட்டது ஸ்டீராய்டு கலந்த மருந்து. வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் கிருமியோடு போரிடும் உடலின் படையையும் அது உறங்கச் செய்துவிடும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல காலம் வேறேது? நெடுநாள் இடுவோருக்குக் கண்ணின் அழுத்தம் உயர்வதும், கண்புரை தோன்றுவதும் உண்டு. தக்க இடத்தில் இதுவும் நல்ல மருந்தே. அதை எத்துணை எச்சரிக்கையுடன் மருத்துவர் கையாளுகின்றனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு உதவுமா என்பதை 500 நோயாளிகளிடம் சோதித்தபோது, கிருமி பாக்டீரியாதான் என உறுதிசெய்து, இரு நாட்கள் கிருமிக்கொல்லி கொடுத்த பின்னரே அதனைத் தொடங்கினர். அப்படியிருந்தும், 2012-இல் வெளியான முடிவில் பொதுவான நன்மை எதுவும் தென்படவில்லை. அங்ஙனமாயின் சோதனை ஏதுமின்றிக் கடையில் வாங்கியிடும் துணிவை என்னென்பது!

வீட்டு வைத்தியமும் இதற்கு விலக்கன்று. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு, நாக்கின் நுனியால் துரும்பெடுத்தல் ஆகியவை அன்பினால் செய்யப்படுவன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கீறல்பட்ட கண்ணுக்குள் அவை புதுக் கிருமிகளைக் கொண்டு சேர்க்கின்றன. திருநூலில் வரும் தோபித்தும், கண்ணில் மருந்து பூசப் பூசப் பார்வை மங்கியவரே அன்றோ!

முதல் இரண்டு நாட்கள்

புண் உண்டாகும் முன்பே தடுக்க இயலுமா? இயலும் என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. ஏறத்தாழ 48,000 மக்கள் வாழும் சிற்றூர்ப் பகுதியில் ஊர் நலப் பணியாளர்கள் 18 மாதங்கள் இல்லந்தோறும் சென்று கவனித்தனர். கண்ணில் அடிபட்டோரைச் சாயமிட்டுச் சோதித்து, கருவிழியில் கீறல் கண்டவர்க்கு மூன்று நாட்கள் மட்டும் கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டனர். அவ்வாறு காக்கப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. இம்முடிவு 2006-இல் வெளியாயிற்று. இதற்கு முன்னரே நேபாளத்தின் பக்தபூரிலும் இத்தகைய வெற்றி கிடைத்திருந்தது.

ஆயினும் நேபாளத்தில் பின்னர் மிகப் பரந்த அளவில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், ஊர்தோறும் பணியாளர்களை நியமித்தும் புண்களின் எண்ணிக்கை குறையவில்லை. இவற்றினின்று நாம் கொள்ளும் பாடம் இது: களிம்பு ஊருக்கு வந்தால் மட்டும் போதாது, அடிபட்டவர் அன்றே எழுந்து நாடிச் செல்லவேண்டும். எந்த ஆய்வும் அந்த ஓர் அடியை நமக்காக எடுத்து வைக்காது.

இருளகற்றும் கொடை

புண் முற்றித் தழும்பானவருக்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பிறரின் தெளிந்த கருவிழியைப் பொருத்தும் அறுவையை 1905-இல் மொராவியாவில் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் வெற்றியுடன் செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளியே முதலில் ஒளி பெற்றவர். இன்று இவ்வறுவை மதுரையிலும் நடைபெறுகிறது. தேவைப்படுவது கொடையாளரே.

“கண்ணைக் கொடுத்துவிட்டால் உயிர்த்தெழும் நாளில் பார்வையின்றி எழுவோமோ?” என்று நம் மூத்தோர் சிலர் கேட்பதுண்டு. மண்ணோடு மண்ணாகும் உடலை எழுப்ப வல்லவருக்கு இரண்டு மெல்லிய படலங்கள் தடையாகுமோ? இத்தாலிய நாட்டின் அருட்தந்தை கார்லோ ஞோக்கி, 1956-இல் இறக்கும் தறுவாயில், அந்நாட்டுச் சட்டம் இடந்தராத காலத்திலேயே, தம் கருவிழிகளைப் பார்வையற்ற இளையோர் இருவருக்கு வழங்கினார். அவ்வாண்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கருவிழிக் கொடையாளரைச் சந்தித்து அவர்தம் செயலைப் பாராட்டினார். அடுத்த ஆண்டில் அங்குச் சட்டமும் பிறந்தது. 2009-இல் ஞோக்கி அடிகள் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்படுதல் வேண்டும். மருத்துவக் குழு வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். முதியோரும், மூக்குக் கண்ணாடி அணிந்தோரும், நீரிழிவு உள்ளோரும் கொடுக்கலாம். முகம் விகாரமடைவதில்லை.

குடும்பங்கள் நினைவில் கொள்ளவேண்டியவை

அறுவடையிலும், தூற்றலிலும், கரும்பு வெட்டிலும், விறகு பிளப்பதிலும் கண்ணுக்குக் கவசம் அணியுங்கள். விலை குறைந்த சாதாரணக் கண்ணாடியும் பெரிதும் உதவும். கண்ணில் ஏதேனும் விழுந்தால் கசக்காது, தூய நீரால் கழுவுங்கள். சுண்ணாம்பு பட்டுவிட்டால் கணமும் தாமதியாது ஓடும் நீரில் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் சுண்ணாம்பை வைக்காதீர்கள். உறுத்தலோ, சிவப்போ, கூச்சமோ ஒருநாளில் தீராவிடில் கண் மருத்துவரைக் காணுங்கள். மற்றவருக்குக் கொடுத்த சொட்டு மருந்தை இடாதீர்கள். முன்னர் இட்ட மருந்து எதுவாயினும் அதன் குப்பியை மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் ஒரு மணிப் பயணம்கூட இல்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அப்பயணத்தைத் தள்ளிப்போடுபவர் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பின், அவர் கையைப் பிடித்து அன்றைக்கே அழைத்துச் செல்வோமாக. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்காகவே.