தண்டால் எண்ணிக்கையும் தோள்வலுவும்

மேலுடல் வலுவை அளப்பதற்குப் பாடசாலை மைதானங்களிலும் படைமுகாம்களிலும் இன்றும் முதலில் கைக்கொள்ளப்படுவது தண்டால் சோதனையே. கருவியோ செலவோ வேண்டாத இந்தச் சோதனைக்கு உடலை நீட்டிக் கிடத்தும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். 1910இல் தொடங்கப்பட்ட கொக்குவில் இந்துக் கல்லூரி போன்ற பழைய பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில், இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பழகும் மாணவரிடையே ‘எத்தனை எடுத்தாய்?’ என்ற கேள்வியே வலுவுக்கான அளவுகோலாக வழங்குகிறது. ஆனால் 20 எடுத்தவரைவிட 40 எடுத்தவர் இருமடங்கு வலுவுள்ளவரா என்பதற்கு விடை சொல்ல, தண்டாலின்போது கைகள் சுமப்பது எவ்வளவு என்பதை முதலில் அறியவேண்டும்.

தண்டால் எடுப்பவரின் உடல் ஒரு நெம்புகோல். அது ஊன்றிச் சுழலும் இடம் கால்விரல்கள், அதை உயர்த்தும் விசை பிறக்கும் இடம் உள்ளங்கைகள். உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியாகிய ஈர்ப்பு மையம், பாதத்திலிருந்து ஏறத்தாழ உயரத்தின் 55 சதவீதத்திலும், கைகள் ஊன்றும் தோள்மட்டம் ஏறத்தாழ 82 சதவீதத்திலும் அமைகின்றன. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். கைகள் தாங்கும் எடையும் ஏறத்தாழ அதுவே. ஆய்வுக்கூட அளவீடுகளில் கைகளை நீட்டி நிற்கும் நிலையில் உடல் எடையின் 69 சதவீதமும், நெஞ்சு தாழ்ந்த நிலையில் 75 சதவீதமும் கைகளில் விழுவது கண்டறியப்பட்டுள்ளது. ஆக, 60 கிலோ எடையுள்ளவர் தாழும்போது 45 கிலோவைத் தாங்குகிறார். முழங்காலை ஊன்றினால் அந்த நிலையிலேயே இது 62 சதவீதமாகக் குறைகிறது. வீட்டில் எடை பார்க்கும் தராசின்மேல் இரு கைகளையும் ஊன்றி, அதே உயரமுள்ள பலகையின்மேல் கால்விரல்களை வைத்து மெல்லத் தாழ்ந்தால், முள் நகர்ந்து ஏறுவதை எவரும் கண்ணால் காணலாம்.

இந்தச் சுமையை உயர்த்துபவை நெஞ்சின் பெருந்தசை, மேற்கையின் பின்புறத்தில் முழங்கையை நீட்டும் முத்தலைத்தசை, தோளின் முன்பகுதித் தசை ஆகியன. முதுகும் வயிறும் தளராமல் பலகைபோல் நின்றால்தான் அவற்றின் விசை வீணாகாது. இடுப்பைத் தொய்யவிட்டும் பாதி தாழ்ந்தும் எடுத்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. இரண்டு நிமிடத்தில் எடுக்கும் எண்ணிக்கையை 1980 முதல் கணக்கிட்டுவந்த அமெரிக்க இராணுவம், பின்னர் கொண்டுவந்த சோதனையில், ஒவ்வொரு முறையும் தாழ்ந்ததும் உள்ளங்கைகளை நிலத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று விதித்ததும், அரைகுறைத் தண்டாலைக் களையவே உதவியது.

ஒருவரால் ஒரே ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய பேரளவு எடையே உச்சவலு எனப்படும். உச்சவலு 50 கிலோவாக உள்ளவருக்கு 45 கிலோச் சுமை எல்லையை ஒட்டியது. சில தண்டாலோடு அவர் ஓய்ந்துவிடுவார். அதே எடையுள்ள உடலில் உச்சவலு 90 கிலோவாக இருந்தால் அந்தச் சுமை பாதியளவே ஆவதால், எண்ணிக்கை பலமடங்கு உயரும். எனவே எண்ணிக்கை சிறிதாக இருக்கும்வரை தண்டால் பெரும்பாலும் வலுவை அளக்கிறது. 30, 40 என ஏற ஏற, தசை களைக்காமல் தொடரும் திறனாகிய தாக்குப்பிடிப்பையே அது அளக்கத் தொடங்குகிறது. ஒரு தண்டாலும் எடுக்க இயலாதவரிடம் வலுவே இல்லை என்பதும் பொருளன்று; அவர்களை முழங்காலூன்றியோ சுவரில் கைவைத்தோ சோதிப்பதே முறை.

உடல் பருமனும் இந்தக் கணக்கில் புகுந்து நிற்கிறது. தசையின் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. உயரமும் அகலமும் தடிப்பும் ஒரே விகிதத்தில் பெருகும்போது பரப்பைவிடக் கன அளவு விரைந்து பெருகுவதால், சிறிய உடல் தன்னைத் தானே தூக்குவதில் இயல்பாகவே முந்திக்கொள்கிறது. ஒல்லியான மாணவன் 35 எடுக்க, அவனைவிடப் பாரமான மூட்டையைத் தூக்கக்கூடிய பருத்த மாணவன் 12இல் நின்றுவிடலாம். இருவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தி இரண்டாமவனை வலுவற்றவன் என்று ஒதுக்குவது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயமும் ஆகாது.

இருந்தும் இந்த எளிய எண் உடல்நலத்தைப்பற்றிக் கணிசமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 10க்கும் குறைவாகத் தண்டால் எடுத்தவர்களோடு ஒப்பிட, 40க்கும் மேல் எடுத்தவர்களுக்கு இதயநாள நோய் நேரும் வாய்ப்பு 96 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் நேர்ந்த நோய் நிகழ்வுகள் மொத்தம் 37தான். பெண்கள் எவரும் சேர்க்கப்படவில்லை. தண்டால் நோயைத் தடுத்தது என்று இதனால் நிறுவ இயலாது. நலமுள்ள உடலே அதிகம் எடுத்தது என்றும் கொள்ளலாம்.

தண்டால் தள்ளும் வலுவை மட்டுமே அளக்கிறது என்பதே யாழ்ப்பாணத்தாருக்கு முக்கியமானது. இயந்திர இறைப்பு வருமுன் கொக்குவிலின் செம்மண் தோட்டங்களில் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை நீரில் அமிழ்த்தி, மேலெழுந்ததும் சரித்து ஊற்றியவரின் உழைப்பும், பனையேறும் தொழிலாளி தன் உடலையே மேலே ஈர்க்கும் உழைப்பும் முதுகும் முன்கையும் செய்யும் இழுவை வேலைகள். அத்தகைய வலுவைக் காட்டுவது பிடிவலுவை அளக்கும் கருவி. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைக் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலுவில் ஒவ்வொரு 5 கிலோக் குறைவும் இறப்பு வாய்ப்பில் 16 சதவீத உயர்வோடு சேர்ந்திருந்தது. மாணவரின் மேலுடல் வலுவை முழுமையாக அறிய விரும்பும் பாடசாலை, தண்டாலோடு கம்பியில் தொங்கி எழும் பயிற்சியையும் சேர்த்து, ஒரே மாணவரின் கணக்கை அவரது சென்ற தவணைக் கணக்கோடு ஒப்பிட்டுவைப்பது நலம்.