நாலு நாள், ஒரு சைக்கிள், ஒரு குட்டித் தீவு!

என் கணவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. 34 வருடமாக நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. முதல் ஷிப்டோ, லீவு நாளோ, காலை 4.30 மணிக்குக் கண் விழித்துவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது, "ரிட்டயர் ஆன மறுநாள் எழுந்து நான் என்னம்மா செய்யப் போறேன்?" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

"சும்மா இருக்க ஒரு ஒத்திகை பார்த்துடலாங்க" என்றேன். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் அந்தமானில் இருக்கும் நீல் தீவு. 2018 டிசம்பரில் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் எல்லோருக்கும் இன்னும் நீல்தான்.

நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் பஸ். அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்ததில் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து, தீவுக்குப் போக அரசுப் படகு. சுமார் 2 மணி நேரம் ஆகும். தனியார் கப்பல் சொகுசாக இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். நமக்கு அவசரமா என்ன?

தங்கியது ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீட்டோடு சேர்ந்த அறையில். நீச்சல்குளம் வைத்த ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கேட்ட தொகையில் இங்கே மூன்று இரவு தங்கலாம். சாதம், பருப்பு, மீன் குழம்பு, தோட்டத்துக் காய். அந்தமானின் காய்கறிக் கூடை என்றே இந்தத் தீவைச் சொல்கிறார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் இது. ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ராமாயணத்தையே ஊர்ப் பெயர்களாக வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் என் வீட்டுக்காரர் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு கிளம்பினார். பகல் 11 மணிக்கெல்லாம் தீவையே சுற்றிவிட்டு வந்து, "அடுத்து என்ன?" என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

அவரை நிறுத்தியது கடல்தான். லட்சுமண்பூரில் பாறை ஒன்று பாலம்போல வளைந்து நிற்கிறது. கடல் வற்றும் நேரத்தில்தான் அதன் அருகே போக முடியும். இரண்டாம் நாள் நாங்கள் போனபோது தண்ணீர் ஏறியிருந்தது. "சாயங்காலம் வாங்க" என்றார் வீட்டுக்கார தீதி. மேலதிகாரி சொன்னால்கூட இரண்டு கேள்வி கேட்கிற மனிதர், கடலிடம் எதுவும் கேட்கவில்லை. மர நிழலில் உட்கார்ந்தார். அப்படியே தூங்கியும் போனார்.

சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும், பாறைக் குழிகளில் குட்டி மீன்களையும் கடல் அட்டைகளையும் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தோம். பவளத்தை மிதிக்கக் கூடாது. சிப்பி, பவளம் எதையும் எடுத்துவரவும் தடை. அங்கே 5.30 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நமக்கு வெகு முன்னாலேயே உதித்து, முன்னாலேயே மறைகிறது.

அதனால்தான் மூன்றாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. வழக்கம்போல 4.30க்கு விழித்தவர், என்னையும் எழுப்பிச் சீதாபூர் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கிழக்கு வெளுத்து, கடலிலிருந்து சூரியன் எழுந்தது. "இத்தனை வருஷமா இந்த நேரத்துல டிபன் பாக்ஸோட ஓடியிருக்கேன். வானத்தைப் பார்த்ததே இல்லம்மா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

நீங்களும் போவதானால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கையில் ரொக்கம் இருக்கட்டும், போன் சிக்னலை நம்ப வேண்டாம். பெரிய தீவு, சின்னத் தீவு என்று எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். ஓரிடத்தில் தங்கினாலே செலவு பாதியாகிவிடும்.

ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. இப்போதும் 4.30க்கு விழிக்கிறார். ஷிப்ட் இல்லாத நாட்களில் டவுன்ஷிப் மரங்களுக்கு நடுவே நடந்துபோய், கிழக்கு தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருகிறார். எங்கே வீடு பார்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.