குளியலறையை நாமே புதுப்பித்தல்



நம் முன்னோர் குளித்த இடம் கிணற்றடி. துலாவினால் அள்ளிய நீரைத் தலையிலே வார்த்தனர். வழிந்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. மேலே வெயிலும் சுற்றிலும் காற்றும் இருந்தமையால் அங்கே ஈரம் தங்குவதில்லை. குளியல் வீட்டினுள்ளே குடிபுகுந்த பின்னர், சிந்திய நீரை வெளியே கொண்டுபோய் விடும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாயிற்று. இன்று பழுதடைந்த குளியலறை ஒன்றைப் பார்த்தால், சுவரின் அடியிலே உப்புப் பூத்துச் சாந்து உதிர்வதையும், அடுத்த அறைச் சுவரிலே கறை படர்வதையும், கதவு நிலையின் கால் உக்கிப்போயிருப்பதையும் காண்கின்றோம். இவை யாவும் ஒரே நோயின் அடையாளங்கள். போகவேண்டிய வழியிலே நீர் போகவில்லை என்பதே அந்நோய். ஆதலால், குளியலறையைப் புதுப்பித்தல் என்பது முதலாவதாக நீருக்கு வழி செய்தலாகும். அழகிய ஓடு பதித்தல் அதற்கு அடுத்தபடியே.

இவ்வேலையை நாமே செய்யலாமா? பொறுமையுள்ளவர் பெரும்பகுதியைச் செய்யலாம். ஆயினும் இரண்டு காரியங்களை அவ்வத் தொழில் அறிந்தவரிடமே விடவேண்டும்.

ஒன்று மின்சாரம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று வலுவுடையது. உலர்ந்த தோலைக் காட்டிலும் நனைந்த தோல் மின்சாரத்தை எளிதிலே உள்ளே விடும். வெந்நீர்க் கருவி பொருத்துவோர், அதன் நிலக்கம்பி சரியாக இணைக்கப்பட்டுள்ளதா என்றும், வீட்டிலுள்ள ‘ட்ரிப் சுவிச்’ 30 மில்லி அம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகையினதா என்றும் மின்தொழிலாளரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். அச் சுவிச்சிலே உள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்ப்பது நமது கடமை.

மற்றையது மலக்குழாயையும் குழியையும் இடம் மாற்றுதல். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். குழியிலிருந்து கசியும் அழுக்கு அவ்வெடிப்புகளூடாக நம் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ விரைவிலே சென்றுவிடும். ஆகவே குழியை மனம்போன இடத்திலே வெட்டுதல் தகாது.

இனி வேலைக்கு வருவோம். பழைய தரையை உடைக்குமுன், அறைக்கு வரும் நீர்க்குழாயையும் மின்சாரத்தையும் நிறுத்துக. வெளிக்குழாயின் வாயைச் சாக்குத் துணியினால் அடைத்துவிடுக. உடைந்த கல் உள்ளே விழுந்தால் எடுப்பது அரிது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மறைப்பும் வேண்டும். கூரையிலே அஸ்பெஸ்டஸ் தகடு இருக்குமாயின் அதனை உடைக்கவோ அறுக்கவோ வேண்டா. அதன் தூசி சுவாசப்பையிலே கொடிய நோய்களை விளைவிக்கும்.

அடுத்தது சாய்வு. நீர் வெளியேறும் துவாரத்தை நோக்கித் தரை ஓரடிக்குக் கால் அங்குலம் இறங்கவேண்டும். துவாரத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 6 அடி இருந்தால் மொத்த இறக்கம் ஒன்றரை அங்குலம். இதனை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண்ணாடிபோன்ற நீண்ட றப்பர்க் குழாயொன்றிலே காற்றுக்குமிழ் இல்லாமல் நீரை நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இரு பக்கத்திலும் நீர் ஒரே மட்டத்திலே நிற்கும். அம்மட்டத்தைச் சுவரிலே சுற்றிலும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே அளந்து சாய்வை நிச்சயிக்கலாம்.

துவாரத்தின் கீழே நீர் தேங்கும் வளைவு ஒன்று இருத்தல் இன்றியமையாதது. 1775ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இங்கிலாந்திலே இத்தகைய வளைவுடைய மலசலகூடத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வளைவிலே எப்போதும் நிற்கும் சிறிதளவு நீரே குழாயின் துர்நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கும் கதவாகின்றது. பல நாள் பூட்டிக்கிடந்த குளியலறை நாறுவதற்குக் காரணம் அந்நீர் வற்றிப்போவதே. ஒரு வாளி நீர் ஊற்றினால் நாற்றம் அடங்கும்.

சாய்வுத் தரைக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் போதும். சீமெந்து காய்வதனால் இறுகுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது நீரோடு இரசாயன முறையிலே சேர்ந்தே இறுகுகின்றது. ஆகையால் முதல் 7 நாட்களும் ஈரச் சாக்கினால் மூடி நனைத்துவருதல் வேண்டும். ஈரச் சாந்து தோலைப் புண்ணாக்குமாதலால் றப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்க.

தரை இறுகிய பின்னரே மிக முக்கியமான கட்டம் வருகின்றது. ஓடும் அதன் இடைவெளிச் சாந்தும் நீரை முற்றாகத் தடுப்பன அல்ல. தடுக்கவேண்டியது அவற்றின் கீழே பூசப்படும் நீர்காப்புப் பூச்சு. முதற் பூச்சை ஒரு திசையிலும், அது உலர்ந்தபின் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையிலும் பூசுக. சுவரும் தரையும் சேரும் மூலைகளிலே வலைநாடாவைப் பதித்துப் பூசுக. சுவரிலே சுற்றிவர ஓரடி உயரத்துக்கும், நீர் தெறிக்கும் பக்கத்திலே 6 அடி உயரத்துக்கும் பூச்சு ஏறவேண்டும்.

பூச்சு நன்கு உலர்ந்தபின் துவாரத்தை அடைத்துத் தரையிலே நீரை நிறுத்துக. நீர்மட்டத்தைப் பென்சிலாற் குறித்து 24 மணிநேரம் விட்டுவிடுக. மட்டம் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்தாலோ அடுத்த அறைச் சுவர் நனைந்தாலோ பூச்சிலே குறையுண்டு. இந்த ஒரு நாளைச் செலவிட மனமில்லாது ஓடு பதித்தவர்கள் பின்னர் முழுத் தரையையும் உடைக்க நேரிடுகின்றது.

இதன்பின் ‘ரைல்ஸ்’ எனப்படும் ஓடுகளைப் பதிக்கலாம். தரைக்குச் சிறிய, சொரசொரப்பான ஓடுகளே ஏற்றவை. அவை சாய்வுக்கு இசைந்து கிடக்கும், நனைந்தாலும் அதிகம் வழுக்கா. ஒட்டுச்சாந்தை நான்கு மூலைகளில் மாத்திரம் வைக்காது ஓட்டின் அடி முழுவதும் பரப்புக. ஒரு நாள் கழித்து நாணயத்தினால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை எழும் ஓட்டின் கீழே வெற்றிடம் உண்டு. அதனைக் கழற்றி மீண்டும் பதித்தல் நன்று.

முதியோர் உள்ள வீட்டிலே இன்னும் இரண்டு காரியங்கள் செய்தல் வேண்டும். மலசல இருக்கைக்கு அருகிலே கைபிடிக் கம்பி ஒன்றை, ஓட்டிலே மாத்திரமன்றி உள்ளே கல்லிலே ஆணி பதியுமாறு பொருத்துக. கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு அமைத்துவிடுக. உள்ளே ஒருவர் மயங்கி வீழ்ந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். உதவிக்கு ஓடிவந்தவர் வெளியே நிற்கவேண்டியதுதான். நீர்த்தொட்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறை அதனை வெறுமையாக்கி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருகுவது இத்தகைய நீரிலேயே.

நேயர்களே, கையிலே உள்ள பணம் குறைவாயின் ஓட்டின் விலையிலே குறைத்துக்கொள்ளுங்கள். சாய்விலும் நீர்காப்புப் பூச்சிலும் மின் பாதுகாப்பிலும் குறைக்க வேண்டா. விலை மலிந்த ஓட்டைப் பின்னொரு காலத்திலே மாற்றிக்கொள்ளலாம். அதன் கீழே உள்ளவை சரியாயிருந்தால் வீட்டுச் சுவர் காயும். வீட்டிலுள்ள மூதாட்டியும் அச்சமின்றித் தனியே சென்று குளித்து வருவார்.