யந்திரத்துக்குச் சொல்லும் பொய் உஷ்ணம்

ஜொகூரில் ஸ்கூடாய்க்கு வடக்கே, 1974-ல் திறக்கப்பெற்ற செனாய் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,800 மீட்டர் நீளமுடையது. பினாங்குக்கும் கூச்சிங்கிற்கும் அங்கிருந்து புறப்படும் ஏர்பஸ் ஏ320 விமானமோ, உச்ச எடையைச் சுமந்தாலும், அதில் பாதியைச் சற்றே கடந்த தூரத்துக்குள் மேலெழும்பிவிட வல்லது. ஆகையால் யந்திரங்களின் பூரண சக்தியையும் செலவிட்டே கிளம்பவேண்டும் என்ற அவசியம் விமானிக்கு இல்லை.

சக்தியைக் குறைக்கும் உபாயம் விசித்திரமானது. வெளிக்காற்றின் உஷ்ணம் ஒரு வரம்பைத் தாண்டினால், உள்ளிருக்கும் சுழலித் தகடுகளைக் காக்கும்பொருட்டு, ஜெட் யந்திரம் தன் உந்துவிசையைத் தணித்துக்கொள்ளும். பல யந்திரங்களுக்குக் கடல் மட்டத்தில் அவ்வரம்பு 30 டிகிரியை ஒட்டியது. இவ்வியல்பையே துணையாகக் கொண்டு, வெளியே 31 டிகிரி இருக்கும்போது, எடையையும் காற்றையும் பாதையின் நீளத்தையும் கணித்து, 55 டிகிரி என்பதுபோன்ற ஒரு கற்பித உஷ்ணத்தை விமானி கம்ப்யூட்டரில் பதிக்கிறார். யந்திரமும் அக்கொடும் வெயிலுக்கு உரிய விசையை மட்டுமே தருகிறது. ஏர்பஸ் விமானிகள் இதை 'ஃபிளெக்ஸ்' என்பர். இவ்வாறு குறைக்கத்தக்கது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பங்கே.

இதன் பயனை அறியச் சுழலித் தகட்டைப் பார்க்கவேண்டும். நிக்கல் கலப்பு உலோகத்தாலான அத்தகடு, தன் உருகுநிலையினும் மிகுந்த உஷ்ணமுள்ள வாயுவின் நடுவே, உள்துவாரங்கள் வழியே பாயும் காற்றினால் மட்டுமே உயிர்தரித்துச் சுழல்கிறது. சுழற்சியின் இழுவிசையால் அது நாளடைவில் இம்மி இம்மியாக நீள்கிறது. புறப்பாட்டின் அந்த ஓரிரு நிமிஷங்களில் உஷ்ணம் சிறிது தணிந்தாலும் தகட்டின் ஆயுள் பெரிதும் வளர்கிறது. இதைப் பணம் மிச்சம்பிடிக்கும் துணிச்சல் என்று பிரயாணிகள் அஞ்சவேண்டுவதில்லை. ஒரு யந்திரம் இடைவழியில் நின்றுபோகும் சாத்தியமும் கணக்கில் அடங்கியதே. மேலும், மெய்யான காற்று கற்பித்த காற்றைவிடக் குளிர்ந்து அடர்ந்திருப்பதால், கணித்த தூரத்துக்கு முன்னரே விமானம் உரிய வேகத்தை எய்துகிறது. வேண்டுமாயின் நெம்புகோலை முன்தள்ளியதும் பூரண சக்தி கிட்டும்.

ஜொகூரின் பிற்பகல் இடிமழையில் பாதைமேல் நீர் தேங்கினாலோ, காற்று திடீரென்று திசைமாறி வீசும் எச்சரிக்கை வந்தாலோ இம்முறையைக் கைக்கொள்வதில்லை. ஆனால் மழையினும் பெரிய அபாயம், பதிக்கும் எண்ணில் நேரும் பிழையே. 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில், எமிரேட்ஸின் ஏ340 விமானம் ஒன்றின் எடை 362 டன்னுக்குப் பதில் 262 டன் எனக் கணக்கில் ஏறிவிட, விசை போதாமல் வால் தரையில் உராய, விமானம் ஓடுபாதையின் எல்லையையும் கடந்தது. விமானிகள் பூரண சக்தியைச் செலுத்தியதால் 275 பேரும் பிழைத்தனர். விமானிகள் இருவரும் தனித்தனியே கணித்து, விடைகளை ஒப்பிட்டபின்னரே புறப்படவேண்டும் என்ற நியமம் இதனாலேயே இன்றியமையாததாகிறது.