பீரோவைத் திறந்தால்... (11): முதலில் ரவிக்கை

கல்யாணப் பட்டு என்றாலே எல்லோரும் மணப்பெண்ணோடு நின்றுவிடுகிறார்கள். மேடையில் இருப்பவள் ஒருத்தி. கீழே அத்தைகள், பெரியம்மாக்கள், அம்மாவின் பழைய ஆபீஸ் தோழிகள், எதிர்வீட்டு மாமிகள் என்று மண்டபமே நிறைந்து கிடக்கிறது. சென்ற வாரம் கூறைப்புடவையைப் பார்த்தோம். இந்த வாரம் அதே கல்யாணத்துக்கு அழைப்பின்பேரில் வருகிற, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு.

கடையில் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் வயசுக்கு இந்தக் கலர் எடுக்குமா?" விற்பனைப் பையனும் சளைக்காமல், "உங்களுக்கு இது டீசன்ட்டா இருக்கும்மா" என்று வெளிறிய சந்தன நிறத்தில் ஒன்றை விரிப்பான். என் கட்சி வேறு. ஐம்பதுக்கு மேல் அலங்காரக் கணக்கை நிறத்தில் தொடங்கக் கூடாது, ரவிக்கையில் தொடங்க வேண்டும். ரவிக்கை சரியாக அமைந்தால் சாதாரணப் புடவையும் எடுப்பாக நிற்கும். அமையாவிட்டால் காஞ்சிபுரமே ஆனாலும் காப்பாற்றாது.

நாம் என்ன செய்கிறோம்? ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புடவை எடுக்கிறோம். அதோடு வரும் ரவிக்கைத் துணியைப் பழைய அளவு ஜாக்கெட்டோடு சுருட்டித் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த அளவு ஜாக்கெட் எந்தக் காலத்தில் தைத்தது? மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி, எடை அதிகம் ஏறாவிட்டாலும் உடம்பின் சதை இடம் மாறுகிறது. இடுப்பிலும் தொடையிலும் இருந்தது வயிற்றுக்கு வருகிறது. மேற்கை தளர்கிறது. தோள் கொஞ்சம் முன்பக்கம் வளைகிறது. தோள் வளைந்தால் முதுகில் துணி போதாமல் இழுக்கும், முன்கழுத்து தொளதொளவென்று விலகி நிற்கும். தையல்காரரைத் திட்டிப் பயனில்லை, அவர் கொடுத்த அளவுக்குத்தான் தைத்திருக்கிறார். அளவு ஜாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு நேரில் போய் நின்று புதிதாக அளவு கொடுங்கள்.

அங்கே வாய்தவறிச் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "அக்குள்ல நல்லா லூஸா வைங்க." அக்குளை இறக்கி வெட்டினால் கையைத் தூக்கும்போது ரவிக்கை மொத்தமும் சேர்ந்து மேலே ஏறும். ஆர்ம்ஹோலை அக்குளை ஒட்டி ஏற்றி வெட்டச் சொல்லி, கையின் சுற்றளவில் மட்டும் தாராளமாக விடச் சொன்னால்தான் கை தனியாகத் தூக்கும், உடல் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் பொம்மை மாதிரி நிற்காமல், அட்சதை போடுவதுபோல வலக்கையை வீசிப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் முன்வரிசை மொத்தமும் எழுந்து மறைக்கும், எக்கித்தான் போடுவோம். அப்போது கீழ்ப்பட்டி மேலேறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கூச்சப்படாமல் திருத்தக் கொடுங்கள்.

கையின் நீளத்திலும் கண் வேண்டும். மேற்கையின் மிகப் பருமனான இடத்தில் கை முடிந்தால் பார்வை அங்கேயே போய் நிற்கும். முழங்கைக்குச் சற்று மேலேயோ முழங்கையை ஒட்டியோ முடிவது நல்லது. ஹூக் முன்பக்கம் இருக்கட்டும். பின்ஹூக் அழகுதான், ஆனால் தோள்பட்டை பிடித்துக்கொண்ட வயதில் விடியற்காலை நாலரை மணிக்கு ஹூக் மாட்ட யாரை எழுப்புவது? ஆரி வேலை இப்போது எல்லோருக்கும் பைத்தியமாக இருக்கிறது. வேண்டுமானால் கையோரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். முதுகு முழுக்கக் கல்லும் மணியும் வைத்தால் மண்டபத்து நாற்காலியில் சாய முடியாது, முந்தானையின் பட்டு இழையையும் கல் பிடித்து இழுக்கும்.

இனிப் புடவைக்கு வரலாம். கனத்த ஜரிகையோடு நெய்த காஞ்சிபுரம் ஒரு கிலோவை நெருங்கும். இருபத்தைந்து வயதில் அது கம்பீரம். ஐம்பத்தெட்டில், முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மாடியேறும்போது முழங்கால் கணக்குக் கேட்கும். கனம் மட்டுமா? கெட்டிப் பட்டின் கொசுவம் வயிற்றுக்கு முன்னால் தனி மூட்டையாக நிற்கும். அதற்காக ஜார்ஜெட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அது உடம்போடு ஒட்டி எதையெல்லாம் மறைக்க நினைத்தோமோ அதையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் நமக்கு. சிறுமுகைப் பக்கம் நெய்கிற சாஃப்ட் சில்க் ஒன்று. இன்னொன்று மைசூர் சில்க். 1912-இல் மைசூரில் தொடங்கிய ஆலையின் வழிவந்த அந்தக் கிரேப் பட்டு கசங்காது, மெல்லிய ஜரிகைக் கரை, உடம்பில் வழுக்கிக்கொண்டு இறங்கும். முகூர்த்தத்துக்குக் கட்டி அப்படியே பஸ் ஏறலாம்.

கரையின் அகலம் உயரத்தைப் பொறுத்தது. குள்ளமானவர்கள் பெரிய கோர்வைக் கரையைக் கட்டினால் பாதி உயரத்தைக் கரையே சாப்பிட்டுவிடும். கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனியாகப் பின்னிக் கோக்கப்படுவதால் வெட்டு இன்னும் அழுத்தமாகத் தெரியும். குட்டைக் கரை, அல்லது உடல் நிறத்துக்குப் பக்கத்து நிறத்தில் கரை என்றால் ஆள் நெடுநெடுவென்று தெரிவார். உயரமானவர்கள் எதையும் கட்டலாம், அவர்களைப் பற்றி எழுதிப் பொறாமையை வளர்ப்பானேன்.

முந்தானையை மெல்லிய மடிப்பாக அடுக்கிப் பின் குத்தினால் இடுப்பும் பக்கவாட்டுச் சதையும் வெளியே தெரியும். ஒற்றையாக விட்டால் எல்லாம் மறையும், ஆனால் இடக்கை முழுநேரமும் முந்தானைக்கே அடிமை. கைப்பையையும் தாம்பூலப் பையையும் யார் பிடிப்பது? மடிப்புகளை அகலமாக எடுத்துத் தோளில் குத்திவிட்டு, கடைசி மடிப்பை மட்டும் தளர விட்டுப் பாருங்கள். மானமும் மறையும், கையும் காலியாக இருக்கும். உள்பாவாடை நாடாவின் முடிச்சை வயிற்றுக்கு நேரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். மேடையேறும்போது செருப்பைக் கழற்றத்தான் போகிறோம், அதனால் புடவையின் உயரத்தை வெறுங்காலில் நின்று பார்த்துக் கட்டுங்கள். ஹீல்ஸுக்குக் கட்டிய கொசுவம் படியில் காலை வாரிவிடும்.

நிறத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-இல் ஐ.நா. சபையில் பாடியபோது அவருக்கு ஐம்பது வயது. அவர் பெயரிலேயே புழங்குகிற 'எம்.எஸ். ப்ளூ' பதுங்கி ஒளியும் நிறமா என்ன? 1947-இல் பிறந்த உஷா உதுப் இன்றும் பளீரென்ற காஞ்சிபுரமும் பெரிய பொட்டும் ஸ்னீக்கர்ஸுமாக மேடையேறுகிறார். தலை நரைக்க நரைக்க, முகத்தருகே கொஞ்சம் அழுத்தமான நிறம் வேண்டியிருக்கிறது. வெளிறிய பழுப்பும் சந்தனமும் நரையோடு கரைந்து முகத்தைக் களைப்பாகக் காட்டும். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் தாராளமாகக் கட்டலாம். பளிச்சென்று இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு மயில்கழுத்து இருக்கிறது. பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொன்று. நடக்கும்போது மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும், ஒரே வண்ணம் உடம்பெங்கும் பரந்து கிடக்காது. எதையும் கையில் பிடித்துப் பார்க்காமல் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். கறுப்பு மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்கு உறுத்தும் என்றால் ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரை இழந்தவர்களிடம் இந்த நிறக்கணக்கு கொடுமையாகவே மாறிவிடுகிறது. அழைப்பிதழை வாங்கிக்கொண்டு, "நான் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பவர்களில் பலருக்கு உண்மையான கவலை எதைக் கட்டிக்கொண்டு போவது என்பதுதான். மகளோ மருமகளோ ஒரு கிளிப்பச்சைப் பட்டை எடுத்துக் கையில் கொடுத்து, கட்டச் சொல்லி, கூடவே கூட்டிக்கொண்டு போகட்டும். மண்டபத்தில் முணுமுணுக்கிறவர்கள் பந்தி தயார் என்றதும் எழுந்து போய்விடுவார்கள்.

புதுப் புடவை எடுத்தே ஆக வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். ஐம்பது வயதுக்காரியின் பீரோவில் இல்லாத பட்டா? தன் கல்யாணத்துக்கு எடுத்தது, தலை தீபாவளிக்கு வந்தது, யார் யாரோ வைத்துக் கொடுத்தது. அவற்றை ஒதுக்கிவைத்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஜாக்கெட் பத்தாததுதான். அந்தப் புடவைக்கு, கரை நிறத்திலோ எதிர்நிறத்திலோ புதிதாக ஒரு ரவிக்கை தைத்தால் போதும், செலவில் பெரும்பகுதி மிஞ்சும். ஆவணி முகூர்த்தம் என்றால் ஆடிக்குள்ளேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். ஆடிப் பெருக்கு தாண்டினால் நல்ல தையல்காரர் எவரும் போனை எடுப்பதில்லை. பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது துணி விடச் சொல்ல மறக்காதீர்கள், கார்த்திகையில் இன்னொரு கல்யாணம் வரும்.

அடுத்த வாரம்: மடிப்பில் முறிந்த ஜரிகை, கறுத்துப்போன கரை – பழைய பட்டை எப்படி மீட்பது?